லண்டன் பூங்கா ஏரியில் ஒரு நாள் கெண்டை பிடிக்க: புதியவர்களுக்கான வழிகாட்டி

லண்டன் பூங்காக்களில் உள்ள ஏரிகள் பலவற்றில் பத்து, பதினைந்து இறாத்தல் எடையுள்ள சாதாக் கெண்டைகள் வாழ்கின்றன. அவற்றைத் தூண்டிலில் பிடிப்பதற்குப் படகும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். ஆனால் எந்த அனுமதியை யாரிடம் பெறுவது, எந்தச் சாமான் போதும், பிடித்த மீனை என்ன செய்வது என்று கேட்டால், கடைக்காரர் ஒன்று சொல்வார், கரையில் இருப்பவர் இன்னொன்று சொல்வார், பூங்கா அலுவலகம் வேறொரு அலுவலகத்தைக் கைகாட்டும். அப்படிப் பல இடங்களில் கேட்டும் படித்தும் சேர்த்தவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். இவை இங்கிலாந்துக்கு உரிய விதிகள். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஏற்பாடு வேறு.

1. மீன் வீட்டுக்கு வராது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்

நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான் என்பதால் உரிமத்துக்கும் முன்னதாக இதைச் சொல்கிறேன். பூங்கா ஏரியில் பிடித்த கெண்டையைப் படம் எடுத்துவிட்டு, அதே ஏரியில் உயிரோடு விட்டுவிட வேண்டும். ஏரியின் உரிமையாளரிடம் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் மீனை எடுத்துச் செல்வது மீன்பிடித் துணைவிதிகளுக்கு எதிரானது என்பதோடு, 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தின்படி குற்றமாகவும் கருதப்படும். ஆறுகளில் நாளொன்றுக்கு 20 சென்றிமீற்றருக்கு மேற்படாத சிறு மீன்கள் 15 வரை எடுக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதை யாரோ சொல்லக் கேட்டு ஏரிக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், பொருந்தாது.

ஒரு கெண்டை இருபது முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. ஏரிக்குத் தொடர்ந்து வருபவர்கள் சில மீன்களைச் செதில் அமைப்பை வைத்தே அடையாளம் சொல்வார்கள், அவற்றுக்குப் பெயரும் வைத்திருப்பார்கள். எனவே ஐஸ் பெட்டியோடு கரைக்கு வருபவரைப் பார்த்தாலே சந்தேகம் எழும். சாப்பாட்டைப் பையிலேயே வைத்துக் கொண்டுபோங்கள். குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரோகுவும் கட்லாவும் உறைநிலையில் கிடைக்கின்றன, ருசியும் அவற்றில்தான் அதிகம்.

2. அரசின் தூண்டில் உரிமம்

13 வயதும் அதற்கு மேலும் உள்ள எவரும் நன்னீரில் தூண்டில் போட, சுற்றுச்சூழல் முகமையின் தூண்டில் உரிமம் வைத்திருக்க வேண்டும். 13 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு அது இலவசம், ஆனால் இலவசம் என்பதற்காக எடுக்காமல் இருக்க முடியாது. 13 வயதுக்குக் கீழே உரிமமே தேவையில்லை.

அரசின் கவ்.யூகே தளத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி, கட்டண அட்டை ஆகியவற்றைக் கொண்டு பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். கடவுச்சீட்டோ விசா விவரமோ கேட்கப்படுவதில்லை என்பதால், ஊரிலிருந்து சில வாரங்களுக்கு வந்திருக்கும் உறவினரும் தம் பெயரில் எடுக்கலாம். கெண்டைக்கு உரியது டிரவுட் மற்றும் கோர்ஸ் எனப்படும் வகை (கோர்ஸ் என்பது கெண்டை, ரோச் போன்ற, சால்மன் இனத்தைச் சேராத நன்னீர் மீன்கள்). சால்மன் உரிமம் அதைவிட விலை அதிகம் என்பதால் தேர்வுசெய்யும்போது கவனம் தேவை. இரண்டு தூண்டில்களுக்கான ஓராண்டு உரிமம் அண்மை ஆண்டுகளில் 35 பவுண்டைத் தாண்டியிருக்கிறது; ஒரு நாள் உரிமம் ஏறக்குறைய 7 பவுண்டு, எட்டு நாள் உரிமம் அதைப் போல இரண்டு மடங்கு. கட்டணம் அவ்வப்போது திருத்தப்படுவதால் வாங்கும் அன்று தளத்தில் உள்ள விலையையே நம்புங்கள். மூன்று தூண்டில் உரிமம் என்றும் ஒன்று இருக்கிறது. பூங்கா ஏரிக்கு அது வீண்செலவு என்பது என் கருத்து.

கவனிக்க வேண்டிய பொறிகள் சில. தேடுபொறியில் முதலில் வரும் தளம் அரசுத் தளமாக இராமல், கூடுதல் சேவைக் கட்டணம் பிடுங்கும் இடைத்தரகர் தளமாக இருக்கலாம். ஒரு நாள் உரிமம் தொடங்கும் நேரத்தை நாமே குறிப்பிட வேண்டும். அதிலிருந்து 24 மணி நேரம்தான் அது செல்லும் என்பதால், முதல் நாள் மாலை வாங்கும்போதே அது உடனே தொடங்குமாறு விட்டுவிடாதீர்கள். உரிமம் ஆளுக்குரியது, தூண்டிலுக்குரியது அன்று. கணவரும் மனைவியும் ஆளுக்கொரு தூண்டில் போட்டால் இருவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம், சாமான்களும் பறிமுதல் ஆகலாம். அட்டை தபாலில் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்கியவுடன் கிடைக்கும் உரிம எண்ணைக் கைபேசியில் படமாக வைத்திருந்தால் போதும்.

3. ஏரிக்குரிய அனுமதி

அரசின் உரிமம் தூண்டில் போடும் தகுதியைத் தருகிறதே தவிர, எந்த ஏரியிலும் இறங்கும் உரிமையைத் தருவதில்லை. அந்த உரிமை ஏரியை நிர்வகிப்பவரிடம் இருக்கிறது, அவர் யார் என்பதுதான் குழப்பம். ஹாம்ப்ஸ்டெட் ஹீத் குளங்கள் பெரும்பாலும் காம்டன் பகுதிக்குள் இருந்தாலும், அவற்றை நிர்வகிப்பது சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன். ரிச்மண்ட் பூங்காவும் புஷி பூங்காவும் ராயல் பார்க்ஸ் அமைப்பின் கீழ் வருகின்றன. டூட்டிங் காமன், வாண்ட்ஸ்வொர்த் காமன் ஆகிய பொதுத் திடல்களையும் பாட்டர்சீ பூங்காவையும் வாண்ட்ஸ்வொர்த் கவுன்சிலுக்காக எனேபிள் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. இடம் எந்த நகராட்சிக்குள் இருக்கிறது என்று பார்த்து அங்கே விண்ணப்பித்துவிட்டு இரண்டு வாரம் பதிலுக்குக் காத்திருப்பதைவிட, பூங்கா வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்ப்பது மேல்.

ஏற்பாடுகள் நான்கு விதமாக இருக்கும்: அரசு உரிமம் மட்டும் போதும் என்று விட்டுவிடும் ஏரி, பருவச் சீட்டோ நாள் சீட்டோ முன்கூட்டியே வாங்க வேண்டிய ஏரி, காவலர் கரைக்கு வந்து பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கும் ஏரி, தூண்டில் சங்கத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, உறுப்பினருக்கு மட்டும் திறந்திருக்கும் ஏரி. எது என்பதை நிர்வாகத்தின் தளத்தில் பார்த்து, தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போக நினைக்கும் நாளுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பருவச் சீட்டு என்றால் உரிம எண்ணும், முகவரிச் சான்றும், சில இடங்களில் ஒரு புகைப்படமும் கேட்கப்படும். உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணச் சலுகை இருக்கும் இடங்களில் முகவரிச் சான்று கட்டாயம்.

சீட்டோடு வரும் விதிகளை முழுவதும் படியுங்கள். எதிர்முள் இல்லாத தூண்டில் முள் மட்டுமே, இரவில் கூடாது, மீனை அடைத்து வைக்கும் வலை கூடாது, கொட்டை வகை இரை கூடாது, குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே உட்காரலாம் என்பவை பெரும்பாலும் இருக்கும். ஒரே ஏரியில் ஒரு கரை பறவைகளுக்காக ஒதுக்கப்பட்டு மறு கரையில் மட்டும் தூண்டில் அனுமதிக்கப்படுவதும் உண்டு.

4. பருவமும் நேரமும்

ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கத் தடை. பெரும்பாலான ஏரிகளுக்கு இந்தச் சட்டத் தடை இல்லை. ஆனாலும் பூங்கா நிர்வாகங்கள் சில அதே மாதங்களில் ஏரியை மூடிவைக்கின்றன. ஆகவே மே மாதத்தில் போகத் திட்டமிடுபவர் இதை உறுதிசெய்யாமல் கிளம்பக் கூடாது.

கெண்டை வெதுவெதுப்பான நீரில் இரை தேடும் மீன். மே முதல் ஒக்டோபர் வரை நல்ல காலம். நீர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் மாதங்களைத் தொடக்கக்காரர் விட்டுவிடலாம். நீர் 18 பாகையைத் தொடும் மே கடைசி, ஜூன் வாக்கில் மீன்கள் முட்டையிடும். கரையோர நாணலில் கூட்டமாக முட்டி மோதிக்கொண்டு தண்ணீரைக் கலக்கினால், அது முட்டையிடும் அறிகுறி. அன்று தூண்டில் போடாமல் திரும்பிவிட வேண்டும். அதேபோல, நீண்ட வெப்ப அலைக்குப் பிறகு விடியலில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால், நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பிடிக்கப்படும் மீன் விட்டபின்பும் பிழைப்பது கடினம்.

நாளின் நேரத்தைப் பொறுத்தவரை பூங்கா ஏரிக்கு அதிகாலையே சிறந்தது. மீன் அப்போது கரையோரம் வரும் என்பது ஒரு காரணம். நாய்களும், குழந்தை வண்டிகளும், வாத்துக்கு ரொட்டி போடுபவர்களும் வருவதற்கு முன் மூன்று மணி நேரம் அமைதி கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். வேலியும் பூட்டும் உள்ள பூங்காவில் வாசல் திறக்கும் நேரம்தான் உங்கள் விடியல். டூட்டிங், கிளாபம் போன்ற காமன்களுக்குப் பூட்டு இல்லை. மாலையில் வாகன நிறுத்துமிடம் பூங்காவுக்கு முன்னரே பூட்டப்படலாம் என்பதையும் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். மேகமூட்டமும், தென்மேற்கிலிருந்து வரும் மிதமான காற்றும் உள்ள நாள் வாய்த்தால் விடாதீர்கள்.

5. சாமான்கள்: எதில் சிக்கனம், எதில் கூடாது

கடைக்குள் நுழைந்தால் கூடாரம், மடக்குக் கட்டில், மீன் இழுத்தால் ஒலிக்கும் மூன்று மின்மணிகள் என்று நூற்றுக்கணக்கான பவுண்டுக்குத் தலையில் கட்டிவிடுவார்கள். பூங்கா ஏரியில் ஒரு பகலுக்கு அவை எதுவும் வேண்டாம். 10 அடி அல்லது 12 அடி நீளமும் 2.5 முதல் 2.75 இறாத்தல் டெஸ்ட் கர்வும் (கோலை வளைக்கத் தேவையான எடையின் அளவு) உள்ள ஒரு தூண்டில் கோல், மீன் இழுத்தால் நரம்பைத் தடையில்லாமல் விடும் விசை கொண்ட ஒரு ரீல், 12 இறாத்தல் தாங்கும் நைலான் நரம்பு ஆகியவை ஒரே பொதியாக 50 முதல் 80 பவுண்டுக்குள் கிடைக்கும். டெகத்லான் போன்ற பெருங்கடையிலும் உள்ளூர்த் தூண்டில் கடையிலும் விலையை ஒப்பிடுங்கள். உள்ளூர்க் கடையில் சில பவுண்டு கூடினாலும், ஏரியைப் பற்றி அங்கே கிடைக்கும் தகவல் அதற்கு ஈடாகும்.

சிக்கனம் பார்க்கக் கூடாதவை மீனின் பாதுகாப்புக்கான பொருட்கள். 42 அங்குல வாய் உள்ள, முடிச்சில்லாத மென்மையான கண்ணிகள் கொண்ட கைவலை. மீனைக் கிடத்த ஓரம் உயர்ந்த மெத்தை. முள்ளைக் கழற்ற நீண்ட இடுக்கி. காயத்தில் தடவும் மீனுக்கான கிருமிநாசினி. ஒரு சிறு வாளி. இவற்றுக்கு மொத்தம் 50, 60 பவுண்டு ஆகும். மெத்தை இல்லாமல் புல்லிலோ சிமெந்துப் பாதையிலோ மீனைக் கிடத்தினால் அதன் மேலுள்ள வழுவழுப்புப் படலம் உரிந்து நோய் தொற்றும். பல ஏரிகளில் மெத்தை இல்லாதவரைக் காவலர் வெளியேற்றிவிடுவார்.

ஊரிலிருந்து தூண்டில் பெட்டியைக் கொண்டுவந்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அன்னப்பறவைகள் ஈயக்குண்டை விழுங்கி நஞ்சேறி இறந்ததால், 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈய எடைகளுக்கு இங்கே 1987 முதல் தடை இருக்கிறது. நாம் தக்கைக்குக் கீழே கடித்து இறுக்கும் சிறு ஈயக்குண்டுகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் விழும். அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, நச்சில்லாத எடைகளை இங்கே வாங்குங்கள்.

நரம்பின் நுனியில் கட்டுவதற்கு 8ஆம் அல்லது 10ஆம் எண் எதிர்முள் இல்லாத முள்ளோடு, ஆயத்தமாகக் கட்டப்பட்ட ஹேர் ரிக் மூன்று பவுண்டுக்கு ஒரு பொதி கிடைக்கும். இதில் இரை முள்ளில் குத்தப்படுவதில்லை. முள்ளின் வளைவிலிருந்து தொங்கும் மெல்லிய நூலில் கோக்கப்படுகிறது. கெண்டை இரையை உறிஞ்சிச் சோதித்து வெளியே ஊதித் துப்பும் பழக்கமுடையது; துப்பும்போது வெறுமையாக இருக்கும் முள் கீழுதட்டில் பதிந்துவிடும். எடையை நரம்பில் இறுகக் கட்டிவிடாதீர்கள். நரம்பு அறுந்தால் எடை தானாகக் கழன்று விழும் கிளிப்பில்தான் பொருத்த வேண்டும். இல்லையேல் அறுந்த நரம்போடும் எடையோடும் மீன் எங்காவது சிக்கிச் சாகும்.

6. இரை

மலிவானதும் நம்பகமானதும் டின்னில் வரும் இனிப்புச் சோளம். ஒரு டின் ஒரு பவுண்டுக்குள். மாவைப் பிசைந்து வேகவைத்த 15 மில்லிமீற்றர் பாய்லி உருண்டைகள் ஒரு சிறு பை ஐந்து முதல் எட்டுப் பவுண்டு. சிறு மீன்கள் கொத்தித் தின்ன முடியாதபடி கெட்டியாக இருப்பது அவற்றின் பயன்.

நம் சமையலறையில் இருக்கும் கொண்டைக்கடலை இங்கே பலரும் பயன்படுத்தும் கெண்டை இரை. ஆனால் உலர்ந்த பயறு, சோளம் எதுவாயினும் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, பிறகு அரை மணி நேரமாவது கொதிக்க வைத்து, நசுக்கினால் மசியும் பதத்துக்கு வந்தபின்தான் நீரில் போட வேண்டும்; அரைவேக்காட்டில் போட்டால் மீனின் குடலில் உப்பி அதைக் கொன்றுவிடும். நிலக்கடலையைப் பல ஏரிகள் அடியோடு தடுத்திருக்கின்றன. மைதாவும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையையும் மீன் தின்னும், ஆனால் பூங்கா ஏரியில் சிறு ரோச் மீன்கள் அதைப் பத்து நிமிடத்தில் கரைத்துவிடுவதால் பொறுமைதான் கரையும்.

பூங்கா ஏரிக்கென்றே உள்ள இரை ரொட்டி. ஆண்டு முழுவதும் மக்கள் வாத்துகளுக்கு ரொட்டி போடும் இடத்தில் கெண்டைகளும் அதற்குப் பழகியிருக்கும். காற்று தள்ளிச்செல்லும் திசையில் எதிர்க்கரை மூலையில் துண்டுகள் ஒதுங்கும். அங்கே மேல்மட்டத்தில் தடித்த உதடுகள் தெரிந்தால், எடையைக் கழற்றிவிட்டு, ரொட்டியின் மேலோட்டுத் துண்டு ஒன்றை முள்ளில் நேரடியாகக் குத்தி மிதக்க விடுங்கள். வாத்தோ அன்னமோ நெருங்கினால் உடனே இழுத்துவிட வேண்டும். பறவைகள் விலகாத நேரத்தில் இந்த முறையை முயலவே வேண்டாம்.

7. இடம் பார்த்தல், தூண்டில் போடுதல்

வந்ததும் கோலை விரிக்காமல், ஏரியை ஒருமுறை மெதுவாகச் சுற்றி நடங்கள். அல்லிக் கூட்டத்தின் ஓரம், தீவின் நிழல், தாழ்ந்த மரக்கிளையின் அடி, காற்று மோதும் கரை ஆகியவற்றில் குமிழிகளோ கலங்கலோ தெரிகிறதா என்று பாருங்கள். மீன் துள்ளிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் ஏரியின் நடுவே வீசத்தான் ஆசைப்படுகிறார்கள். கெண்டையோ பெரும்பாலும் கரையிலிருந்து சில மீற்றர் தூரத்திலேயே மேயும். நாம் ஓசை எழுப்பாமல் இருந்தால் போதும்.

இடம் முடிவானதும் இரண்டு கைப்பிடி சோளத்தைத் தூவி, அதன் நடுவே தூண்டிலைப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிலோ இரைக்கு மேல் கொட்டுவது மீனைப் பசியாற்றி அனுப்பும் வேலை. வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள், ஏனெனில் பூங்காவில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நடைபாதை இருக்கிறது, சைக்கிளில் குழந்தைகள் வருகிறார்கள். கோலின் அடி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு கோல் வைத்தால் அவற்றின் அடிகளுக்கு இடையே 3 மீற்றருக்கு மேல் தூரம் இருக்கக் கூடாது என்பது துணைவிதி. தேநீர் வாங்கவோ கழிப்பறைக்கோ போவதாக இருந்தால், தூண்டிலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கும் துணைவிதி உண்டு. ரீலின் நரம்பு விடும் விசையை மறக்காமல் திறந்து வையுங்கள், மறந்தவர்களின் கோலையே கெண்டை ஏரிக்குள் இழுத்துச் சென்றிருக்கிறது.

8. மீன் மாட்டியபின்

முதல் ஓட்டத்தை நிறுத்த முயலாதீர்கள். கோலை உயர்த்திப் பிடித்து, ரீலின் பிடியைத் தளர்வாக வைத்து ஓடவிடுங்கள். அல்லிக்குள்ளோ கிளைக்குள்ளோ திரும்பினால் மட்டும் கோலைப் பக்கவாட்டில் சாய்த்துத் திசை மாற்றுங்கள். கைவலையை முன்கூட்டியே நனைத்து நீருக்குள் அமிழ்த்தி அசையாமல் வைத்து, மீனை அதன் மேலே கொண்டுவர வேண்டும். வலையைக் கொண்டு மீனைத் துரத்தினால் அது மீண்டும் பாயும்.

மெத்தையை வாளி நீரால் நனைத்துத் தயாராக வைத்தபின்பே மீனை வலையோடு தூக்குங்கள். கைகளும் நனைந்திருக்கட்டும். முள்ளைக் கழற்றி, புண்ணில் கிருமிநாசினி தடவி, மெத்தைக்கு மேலேயே மண்டியிட்டபடி தாழ்வாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று தூக்கிக் காட்டும்போது மீன் துள்ளி விழுந்தால் உள்ளுறுப்பு சிதைந்துவிடும். சுற்றிலும் குழந்தைகள் கூடிவிடுவார்கள், தொட்டுப் பார்க்கக் கேட்பார்கள். கையை நனைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், ஆனால் மீன் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நீருக்கு வெளியே இருக்க வேண்டாம். விடும்போது வலையோடு நீருக்குள் இறக்கி, நிமிர்ந்த நிலையில் தாங்கிப் பிடியுங்கள். வால் அடித்துக் கிளம்பும் வரை கையை எடுக்காதீர்கள்.

9. கிளம்பும் முன்னும் வீடு சேர்ந்த பின்னும்

வெட்டிய நரம்புத் துண்டுகள் ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுங்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும் இந்த நரம்பினாலேயே தூண்டிலுக்குத் தடை கேட்டு நிர்வாகங்களுக்குப் புகார்கள் போகின்றன. செத்த மீன்கள் பல மிதப்பதைக் கண்டால் சுற்றுச்சூழல் முகமையின் 24 மணி நேர இலவச எண்ணான 0800 80 70 60-ஐ அழைத்துச் சொல்லுங்கள்.

நீர் 16 முதல் 28 பாகை வரை இருக்கும்போது பரவும் கோய் ஹெர்பிஸ் வைரஸ் ஓர் ஏரியின் கெண்டைகளில் பெரும்பகுதியை அழித்துவிடக் கூடியது, அது ஈரமான வலையிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொண்டு இடம் மாறும். அதனால் வீடு சேர்ந்ததும் வலை, மெத்தை, வாளி மூன்றையும் கழுவி, வெயிலில் மடிப்பில்லாமல் விரித்து, முற்றிலும் காயவிட வேண்டும். லண்டன் குளிரில் இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம்; மறுநாளே வேறோர் ஏரிக்குப் போவதாக இருந்தால், அங்கே வலையும் மெத்தையும் இரவல் கொடுக்கிறார்களா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.